சி.எல்.பி. 6இல நிக்கிற தங்கச்சிக்கு

தங்கச்சி, கனடாவுக்கு வந்து ஏழு மாதம், இங்கிலீஷ் மதிப்பீட்டில சி.எல்.பி. (கனடாவில மொழித் திறனை அளக்கிற படிநிலை) 6 போட்டிருக்கினம், வாசிச்சால் விளங்குது, ஆனால் ஆராவது திடீரெண்டு கேள்வி கேட்டால் வாய் எழும்புதில்லை, செப்டெம்பரில கொலிஜும் தொடங்குது எண்டு எழுதியிருந்தீங்கள். நானும் அந்த 6இல ரெண்டு வருசம் குந்தியிருந்தனான். குடியுரிமைக்கு 4 காணும் எண்டபடியால் கனபேர் அதோட விட்டிடுவினம்.

உங்களுக்கு இலக்கணம் காணும், கதைக்கிற பழக்கம்தான் காணாது. ரொறன்ரோவில, எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிற ஸ்காபரோவில மரக்கறிக் கடை, டொக்டர், தலைமயிர் வெட்டு எல்லாம் தமிழிலயே முடிஞ்சிடும்; பிறகு இங்கிலீஷ் எங்க கதைக்கிறது? காலமையில சி.பி.சி. ரேடியோ 99.1ஐப் போட்டு விடுங்கோ. காலநிலை, வீதி நெரிசல் எண்டு அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், காது தானாப் பழகும். நூலகக் கிளைகளில இங்கிலீஷ் கதைச்சுப் பழகுற வட்டங்கள் இருக்கு, காசில்லை. தமிழ் ஆக்களுக்குப் பக்கத்தில மட்டும் இருக்காதேங்கோ.

நான் ஒருக்கா போனில விலாசம் சொல்ல, விக்டோரியா பார்க் எண்ட வீதிப் பேரின்ர முதல் எழுத்தை மறுமுனையில இருந்த பிள்ளை மூண்டு தரமும் 'டபிள்யூ' எண்டே எழுதினது. எங்கட 'வ' ரெண்டுக்கும் நடுவில நிக்குது. 'வீ'க்கு மேல்பல்லு கீழ் உதட்டில முட்டவேணும், 'டபிள்யூ'க்கு உதட்டைக் குவிக்கவேணும். கண்ணாடிக்கு முன்னால நிண்டு செய்தனான், மனிசி சிரிச்சா. அழுத்தமும் அப்பிடித்தான்: 'ஹோட்டல்' எண்டதில நாங்கள் முதல் அசையை அழுத்துவம், இங்கத்தை ஆக்கள் ரெண்டாவதை.

கொலிஜ் எழுத்து முழுக்க வேற விசயம். ஊரில பாடமாக்கி அப்பிடியே எழுதினால் புள்ளி. இங்க மூலத்தைச் சொல்லாமல் ரெண்டு வரி எடுத்தாலே களவு எண்டு பிடிப்பினம். என்ர முதல் கட்டுரையில 'மனிதகுலம் தோன்றிய காலந்தொட்டு' எண்டு தொடங்கினனான். ஆசிரியர் அந்தப் பந்தி முழுக்கக் கோடு போட்டுத் தந்தார். சொல்ல வந்ததை முதல் வசனத்திலயே சொல்லிப்போட்டு, பிறகு ஆதாரம் வையுங்கோ. வாசிச்சதை மூடி வைச்சிட்டு, உங்கட சொல்லில எழுதிப் பழகுங்கோ, ஆனால் ஆரிட்ட எடுத்ததெண்டதை அப்பவும் போடவேணும்.

எழுத்து உதவி மையம் கொலிஜிலயே இருக்கும். பிழை திருத்தித் தரமாட்டினம், பக்கத்தில இருந்து 'இதில என்ன சொல்ல வாறீங்கள்?' எண்டு கேப்பினம். அதுவே கதைக்கிற பயிற்சியும்தான். பரீட்சைக் காலத்தில இடம் கிடையாது, முதல் கிழமையே பதிஞ்சு வையுங்கோ.