பரணில் கிடைத்த ஆல்பம்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். பரணில் கிடைத்த புகைப்பட ஆல்பத்தையும் ஒரு கட்டுச் செய்தித்தாள்களையும் அவ்வூர்க் கவுண்டி வரலாற்றுச் சங்கத்திடம் கொடுக்கப் போனாள். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டவர்கள், செய்தித்தாள்களை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்களாம். இலவசமாகக் கொடுப்பதற்கும் பத்திரமா?

பதில்: ஆம், பத்திரம் அவசியம்தான். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றின் வரலாற்றுச் சங்கங்களுள் பெரும்பாலானவை அரசு அலுவலகங்கள் அல்ல. சந்தாவையும் நன்கொடையையும், பணி ஓய்வு பெற்ற தன்னார்வலர்களின் உழைப்பையும் நம்பி நடப்பவை. யார் கொடுத்தது, கொடுத்ததா இரவலா என்று எழுதி வைக்காத பொருளைப் பிற்காலத்தில் ஒரு வாரிசு வந்து உரிமை கோரினால், சங்கத்திடம் சொல்வதற்கு மறுமொழி இராது. உங்கள் மகள் கையெழுத்திட்ட நன்கொடைப் பத்திரம் அதற்காகத்தான். படங்களின் பதிப்புரிமை வேறு சங்கதி. வீட்டை வாங்கியதால் அது அவருக்கு வந்துவிடாது என்பதால், தம்மிடம் உள்ள உரிமையை மட்டுமே அவர் எழுதிக் கொடுக்க முடியும்.

செய்தித்தாள்களை மறுத்ததும் அலட்சியத்தால் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவலான பின், அதிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருளும் அமிலமும் சேர்ந்து தாளை மஞ்சளாக்கி, விரல் பட்டாலே நொறுங்கும்படி செய்துவிடுகின்றன. கந்தைத் துணியில் செய்த தாளில் அச்சான 1840ஆம் ஆண்டு நாளிதழ், 1940ஆம் ஆண்டு நாளிதழைவிட நல்ல நிலையில் இருப்பது இதனால்தான். பல ஊர் நாளிதழ்களை ஏற்கெனவே மைக்ரோஃபிலிமில் (பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படமெடுத்து வைக்கும் சுருளில்) எடுத்துவிட்டதால், இடநெருக்கடியில் தவிக்கும் சங்கம் இன்னொரு படியைச் சேர்க்கத் தயங்குவது நியாயமே.

ஆல்பத்தின் நிலை வேறு. அது உலகில் ஒன்றே ஒன்று. 1876இல், நாட்டின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, ஒவ்வொரு கவுண்டியும் ஊரும் தன் வரலாற்றை எழுதி ஜூலை 4 அன்று வாசித்து, ஒரு படியைக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்திலும் இன்னொன்றை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்திலும் வைக்கலாம் என அமெரிக்க நாடாளுமன்றம் பரிந்துரைத்தது. அக்காலத்தில் தடித்தடியான கவுண்டி வரலாற்று நூல்கள் ஏராளமாக வெளிவந்தன. ஆனால் அவற்றுள் பல, முன்பணம் கட்டிய செல்வந்தர்களின் வாழ்க்கைக் குறிப்புகளால் நிறைந்தவை. கூலிக்கு உழுதவரும் துணி வெளுத்தவரும் அவற்றில் இல்லை. (பணம் கட்டியவரைப் பற்றிக் குறை எழுதும் பதிப்பாளர் எங்கும் பிறந்ததில்லை என்பது என் எண்ணம்.) அந்த நூல்கள் விட்டுவிட்ட முகங்கள் இத்தகைய ஆல்பங்களில்தான் கிடைக்கின்றன.

அரசு ஆவணம் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் இயலாது. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளுள் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சிக்கிப் பின்னர் இல்லாமலே போயிற்று. அதனால் 1880க்கும் 1900க்கும் இடையில் ஒரு குடும்பத்தைத் தேடுபவர், கவுண்டியின் வரிப் பட்டியலையும் தேவாலயப் பதிவேட்டையும், பின்புறத்தில் பெயர் எழுதிய இத்தகைய படங்களையுமே நாட வேண்டியிருக்கிறது.

பெயர் எழுதியிராவிட்டால் படம் பாதி ஊமைதான். ஆகவே முந்தைய உரிமையாளரின் பெயர், வீட்டு முகவரி, ஆல்பம் பரணில் எந்த மூலையில் எவற்றோடு கிடந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள். படங்களின் பின்புறத்தில் அவராக எதையும் எழுத வேண்டாம். அதைச் சங்கத்தார் மென்மையான பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்திலும் தடமாகத் தெரியும்.

திரும்பி வந்த செய்தித்தாள்களை உடனே எடைக்குப் போட்டுவிட வேண்டாம். நாளிதழின் பெயரையும் தேதிகளையும் பட்டியலிட்டு அனுப்பினால், மைக்ரோஃபிலிமில் விடுபட்ட இதழ் ஏதேனும் அக்கட்டில் இருக்கிறதா என்று சங்கத்தார் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருந்தால் அந்த ஓர் இதழை மட்டும் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடும்.