முள் சங்கின் முனை மழுங்கியது ஏன்?

கேள்வி: மீன் வலையில் சிக்கிய முள் சங்கை நாற்றம் போக வினிகரில் ஊறவைத்தேன். முட்கள் மழுங்கி, மேற்புறமும் வெளிறிவிட்டது. என்ன தவறு? இந்த முட்களால் அதற்கு என்ன பயன்?

பதில்: சங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அமிலத்தில் கரையும். மெல்லிய முள்முனைதான் முதலில் போகும். மழுங்கியதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்த முறை பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடாக்கி, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிநீரில் நேரடியாகப் போட்டால் விரிசல் விழலாம். ஆறியதும் வளைந்த கம்பியால் சதையைக் குத்தி, சுருளின் போக்கிலேயே திருகி இழுங்கள். வெடுக்கென இழுத்தால் வால்பகுதி உள்ளே அறுந்து நிற்கும். நாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அப்படி நின்றுவிட்டால் சில நாள் தண்ணீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி, அழுகியதை அலசி வெளியேற்றுங்கள். பிறகு பிளீச்சும் தண்ணீரும் சம அளவு கலந்து சில மணி நேரம் ஊறவைத்தால் போதும். வினிகர் பட்ட பாத்திரத்தில் பிளீச் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

முட்களை உருவாக்குவது சங்குக்குள் வாழும் நத்தையின் உடலை மூடிய மென்படலத்தின் விளிம்பு. மியூரெக்ஸ் எனும் முள் சங்கு இனத்தில் சுருளின் ஒரு சுற்றுக்கு மூன்று முள்வரிசை. வளரும்போது வாய்ப்பகுதியை மறிக்கும் பழைய முட்களை நத்தையே கரைத்துக்கொள்ளும்! ஓட்டை நொறுக்கித் தின்னும் மீன்களுக்கு இரை பெரிதாகி, வாய்க்குள் அடங்காமல் போவது முட்களால்தான்.