சாட்சி சொல்லத் தயங்கும் நெஞ்சுக்கு

கேள்வி: யாங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். உடன் பணிபுரியும் இந்துத் தமிழரும் பௌத்தப் பர்மியரும் என்மீது அன்பாயிருக்கிறார்கள். இயேசுவைப் பற்றிப் பேச நினைத்தாலே, உறவு கெட்டுவிடுமோ, எதிர்க்கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பேனோ என்ற பயம் வாயைக் கட்டிவிடுகிறது. என்ன செய்வது?
– யாங்கூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இந்தப் பயத்தை அவிசுவாசம் என்றெண்ணி உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம், கொரிந்தியரிடத்தில் தாம் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுல் அப்போஸ்தலனே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3).

ஒருவரை மனமாற்றுவதே நம் கடமை என்று நினைப்பதால்தான் பாரம் கூடுகிறது. அது தேவனுடைய வேலை. உங்கள் ஊருக்கு 1813-இல் வந்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன், பர்மியரின் மொழியைப் பொறுமையாகக் கற்று, பின்னர் அவர்கள் வழக்கப்படியே சாலையோரத்தில் ஒரு சாவடி கட்டி, அங்கு வந்தமர்ந்தவர்களோடு உரையாடினார். தம் ஊழியத்தின் முதல் பர்மிய விசுவாசியான மவுங் நவுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல்தான். அந்த நீண்ட காத்திருப்பை வீண் என்று யார் சொல்வார்?

ஆகவே முதலில் கேளுங்கள். தோழி தன் தாயின் நோயைச் சொல்லி வருந்தினால், அவருக்காக ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு ஜெபியுங்கள். உங்கள் துன்பத்தில் கர்த்தர் தாங்கிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் வணங்குவதை ஒருபோதும் இழித்துப் பேசவேண்டாம். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லும்படியே பேதுருவும் போதிக்கிறார் (1 பேதுரு 3:15). விடை தெரியாத கேள்வி வந்தால், சபைப் போதகரிடம் கேட்டு வந்து சொல்வதாகத் தயங்காமல் கூறலாம்.