வலிக்காத கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்

*வயது 44. இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?*

வேண்டாம், இந்த வாரமே காட்டிவிடுங்கள். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கல்போல் இறுகி, ஓரம் ஒழுங்கில்லாமல், தள்ளினால் நகராமல் இருந்தால் சந்தேகம் கூடும். வழுக்கி நகர்ந்தால் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். ஆனாலும் தொட்டுப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மருத்துவர் கையால் பார்ப்பார். மேமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) ஸ்கேனும் (அல்ட்ராசவுண்ட்) எடுக்கச் சொல்வார். தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்து பயாப்சி. 'ஊசி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சைக் கேட்டு பயாப்சிக்குப் பயந்து ஓடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் நோய் முற்றுகிறது.

*வீட்டிலேயே பார்ப்பது எப்போது, எப்படி?*

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 10 நாளுக்குள். விலக்குக்கு முந்தைய வாரம் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருக்கும். அப்போது பார்த்தால் வீண் பயம்தான். விலக்கு நின்றவர்கள் மாதாமாதம் ஒரே தேதியில் பார்க்கலாம்.

முதலில் கண்ணாடி முன் நின்று கைகளைத் தூக்கியும், இடுப்பில் ஊன்றியும் பாருங்கள். எங்காவது தோல் குழிகிறதா, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா? பிறகு மல்லாந்து படுத்து, நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, காசளவு வட்டங்களாக முதலில் மெல்ல, பின் அழுத்தித் தடவுங்கள். கழுத்தெலும்பும் அக்குளும் விட்டுப்போகக் கூடாது. கிள்ளிப் பிடித்துப் பார்த்தால் நல்ல சதையும் கட்டியாகத்தான் தோன்றும்.

*ஒரு காம்பில் மட்டும் அரிப்பு, செதில். களிம்பு போட்டும் ஆறவில்லை.*

இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் களிம்பை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பேஜெட் நோய் என்ற புற்றுநோய் வகை பார்வைக்கு எக்ஸிமா என்ற தோல் அழற்சி போலவே இருக்கும். தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். பிதுக்காமலே ஒரு காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

*பால் கொடுக்கிறேன். மார்பு சிவந்து வீங்கியிருக்கிறது.*

பெரும்பாலும் பால் கட்டியதால் வந்த தொற்றுதான். ஆன்டிபயாடிக் முடித்தும் சிவப்பு வடியாவிட்டால் ஸ்கேன் கேளுங்கள். மார்பு இப்படியே சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோயில் கட்டி கைக்குத் தட்டுப்படாமலே போகலாம். ஸ்கேனுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

*என் வயது 27. மேமோகிராம் தேவையா?*

கட்டி இருந்தால் முதலில் ஸ்கேன். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தி. மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை.