புது காஸ் பாய்லர் போட்டால் பில் குறையுமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் வீட்டு பாய்லர் பூட்டுவதும் திருத்துவதும் என் வேலை. குளிர் தொடங்கியதும் நம்மவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, எங்கள் பாய்லருக்கு 25 வயசு, இன்னும் ஓடுது. மாற்றினால் மிச்சம் வருமா?

உள்ளே சின்னச் சுவாலை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் அந்தக் காலத்து பாய்லர் என்றால் வரும். அவற்றில் எரிகிற காஸில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் வீட்டுக்குச் சூடாக வரும், மீதி புகைக்குழாயால் வெளியே போகும். புதியது ஒழுங்காக ஓடினால் 90 பக்கம் வரும். வருடம் 15,000 கிலோவாட் மணி எரிக்கும் வீட்டுக்கு அதே சூட்டை 11,700 அளவிலேயே எடுக்கலாம். உங்கள் பில்லிலும் வருடக் கணக்கு இருக்கும், அதை வைத்துப் பாருங்கள். நாள் கட்டணம் மட்டும் எதைப் பூட்டினாலும் குறையாது. ஆனால் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பூட்டியது பெரும்பாலும் கண்டென்சிங் வகையாகவே (புகையோடு போகும் சூட்டையும் பிடிக்கும் வகை) இருக்கும், விதியே அப்படி வந்துவிட்டது. நல்லாக ஓடும் அப்படியொன்றைக் கழற்றிவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன்.

புதுக் காம்பி (தாங்கி இல்லாமல் குழாய்த் தண்ணீரையும் உடனே சூடாக்கும் பாய்லர்) போட்டு ஒரு குளிர்காலம் போய்விட்டது, பில் பெரிதாக இறங்கவில்லை. பூட்டியவர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க மாட்டார், செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். இது அடிக்கடி நடப்பது. கண்டென்சிங் பாய்லர் என்றால், புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்வது. அதற்கு ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும், கீழே போகப் போக நல்லது. நீங்களோ 75, 80இல் அனுப்பினால் அது 60க்கு மேலேயே திரும்பி வரும், அப்போ வாங்கிய 90 சதவீதம் எங்கே கிடைக்கும்? பாய்லர் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட திருகி இருக்கும், அதை 60க்கு இறக்குங்கள், வீடு சூடானால் 55க்கும் போகலாம். ரேடியேட்டர் கையைச் சுடாது, வீடு சூடாகக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். குழாய்த் தண்ணீர் திருகியையும் தொடத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் மேலே சுடுதண்ணீர் தாங்கி இருக்கு. நாங்களும் 55க்கு இறக்கலாமா?

வேண்டாம் அக்கா. தாங்கித் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்தமாதிரி. பாய்லரின் ரேடியேட்டர் திருகியில் 65க்குக் கீழே போகாதீர்கள்.

மூன்று அறை வீடு, வந்து பார்த்தவர் 35 கிலோவாட் காம்பி வேண்டும் என்கிறார். சரியா?

அந்த 35 ஷவர் தண்ணீரை ஓட ஓடச் சூடாக்குவதற்கான அளவு. வீட்டைச் சூடாக்க அந்த அளவு வீட்டுக்குப் பெரும்பாலும் 10 கிலோவாட்டே போதும். அதனால் எத்தனை கிலோவாட்டுக்கு ஏறும் என்று கேட்காமல் எத்தனை கிலோவாட்டுக்கு இறங்கி எரியும் என்று கேளுங்கள், இறங்காத பாய்லர் சும்மா எரிந்து எரிந்து அணையும், காஸும் வீண், பாகங்களும் தேயும். பழைய குழாய்களைக் கழுவுவது, காந்த வடிகட்டி, துரு மருந்து மூன்றும் விலையில் சேர்ந்திருக்கா என்றும் பாருங்கள். ஆளிடம் காஸ் சேஃப் அட்டை (காஸ் வேலை செய்யப் பதிவு செய்தவருக்கான அட்டை) இருக்கவேண்டும், அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று அங்கேதான் இருக்கும்.

உறைபனி நாளில் களகள என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது, பழுதா?

பெரும்பாலும் புகையிலிருந்து பாய்லரில் சேரும் தண்ணீரை வெளியே விடும் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றி ரீசெட் அழுத்துங்கள், கொதிநீர் ஊற்றவேண்டாம். அப்புறம் அந்தக் குழாய்க்கு உறை போடுங்கள், ஒல்லிக் குழாய் என்றால் தடித்ததாக மாற்றச் சொல்லுங்கள்.

ஹீட் பம்புக்கு (வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) அரசு 7,500 பவுண்ட் தருகிறதாமே, அதையே போடலாமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தத் திட்டம் இருக்கு. ஹீட் பம்பு ரேடியேட்டருக்கு அவ்வளவு சூடில்லாத தண்ணீரைத்தான் அனுப்பும், அதனால் முதல் பாய்லரை 50க்கு இறக்கி ஒரு குளிர் வாரம் ஓட்டிப் பாருங்கள் (தாங்கி இல்லாத வீடு என்றால்). வீடு சூடாக இருந்தால் உங்கள் ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அதற்குத் தாங்கும், ஆளைக் கூப்பிட்டு விலை கேட்கலாம்.