கண்ட்ரி இசை எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி வெள்ளையர்களின் இசை என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பிடிலும் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) கதைப்பாடல்களும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களோடு வந்தவை. ஆனால் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை வாத்தியத்தில் பிறந்தது. இதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே கூடாது.

1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். கண்ட்ரி இசையின் ஆரம்பகால நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பக் குழுவும் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரும் சில நாள் இடைவெளியில் அங்கே பாடினார்கள். அந்தக் குடும்பக் குழுவின் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டருக்கு அப்போது 18 வயது. கட்டைவிரலால் கிட்டாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்தபடியே, விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுப்பார். இரண்டு பேர் வாசிப்பது போலவே இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதே குழுவின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனபோது, கூடவே போய் மெட்டுகளை மனதில் ஏற்றிக்கொண்டவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். அவர் பெயரை இன்னும் நிறையப் பேர் சொல்ல வேண்டும்.

அப்புறம் 1950களின் கடைசியில் டென்னசியின் நாஷ்வில் நகர ஸ்டுடியோக்கள் நாட்டுப்புறப் பிடிலையும் பாஞ்சோவையும் ஒதுக்கி, மெருகான வயலின் குழுவையும் கோரஸையும் சேர்த்தன. 1970களில் பாடகர்கள் வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும் அந்த மெருகை மறுத்துத் தங்கள் பாணியிலேயே பதிவு செய்தார்கள்.