4294967297 பகா எண்ணா?
500 வரைக்கும் எல்லா பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்தேன், எதுலயும் மீதி இல்லாம போகல, அப்போ 4294967297 பகா எண் தானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க, அவசரப்பட்டுட்டீங்க. இதோட வர்க்கமூலம் 65536க்கு கொஞ்சம் மேல, அதனால அதுவரைக்கும் பாக்கணும், ஆனா நீங்க இன்னும் கொஞ்சம் போயிருந்தாலே 641ல மாட்டியிருக்கும்! 641 × 6700417, அவ்ளோதான், ரெண்டுமே பகா எண்.

இது 2இன் 32ஆம் அடுக்கு கூட்டல் 1, கணித மேதை ஃபெர்மாவே இத பகா எண்ணுன்னு நம்புனாரு, 1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர் தான் உடைச்சாரு (அதனால நீங்க ஏமாந்ததுல தப்பில்ல). இந்த எண்ணோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1 வரணும், அப்படி வர்ற பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சே அஞ்சு முயற்சி. மொத்த வகுத்திகள் 4 தான், 1, 641, 6700417, அப்புறம் அதே எண்.